முன்பின் அறியாதார்க்கு ஈதல்: 223ஆம் குறளின் உரைகளும் ஹுத்தான் மெலிந்தாங்கும்

முன்னுரை

முன்பின் அறியாத ஒருவர் நம் எதிரே வந்து நின்று பொருளுதவி கேட்கும்பொழுது நாம் செய்யத்தக்கது யாது என்னும் வினா மிகப் பழமையானது. அதே வேளையில் நாள்தோறும் புதிதாய் எழுவது. தமிழ் அறநூல்கள் இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டுள்ளன. எனினும், நம் வகுப்பறைகளில் ஈகை என்னும் அதிகாரம் பொருளுடன் மனப்பாடம் செய்யப்பட்டு, தேர்வுத்தாளில் எழுதப்பட்டு, அத்துடன் முடிந்துவிடுகின்றது. ஈவோனின் பெருமையைப் பேசும் பகுதியாகவே அது கற்பிக்கப்படுகின்றது. இரப்போன் அதனுள் எங்கே நிற்கின்றான் என்று பெரும்பாலும் எவரும் வினவுவதில்லை.

இக்கட்டுரை, ஈகை அதிகாரத்தின் மூன்றாவது பாடலாகிய 223ஆம் குறளுக்கு உரையாசிரியர்கள் கண்ட வெவ்வேறு பொருள்களை எடுத்துக்கொண்டு, அவை இன்றைய மலேசியத் தமிழர் வாழ்வில் எவ்வாறு பொருந்தி வருகின்றன என்பதை ஆராய முற்படுகின்றது. இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாய் அமைந்தது ஏட்டில் கண்ட செய்தியன்று. சிற்றூர்க் கடையொன்றில் எமக்கு நேர்ந்த ஓர் அனுபவமேயாகும். ஆதலின் அதனை முதற்கண் கூறுதல் பொருந்தும்.

‘எந்தத் தோட்டம்?’

பேராக் மாநிலத்தின் தென்மேற்கில், பெர்னாம் ஆற்றை ஒட்டி அமைந்த சிற்றூர் ஹுத்தான் மெலிந்தாங். 2017 முதல் தனி மாவட்டமாக இயங்கிவரும் பாகான் டத்தோவைச் சேர்ந்தது. டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்தன்ஹோல்ஸ் 1906இல் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் உள்ளிட்ட பல தோட்டங்கள் இவ்வட்டாரத்தில் உள்ளன. பால்மரம் நின்ற நிலங்களிற் பெரும்பகுதி இன்று செம்பனைக்கு மாறிவிட்டது. தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் பலவும் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் யாம் அவ்வூர்க் கடையொன்றில் பசியாறிக்கொண்டிருந்தோம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் எம் மேசையருகே வந்து நின்றார். தெலுக் இந்தான் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றும், கைவசம் பணமில்லை என்றும், ஐந்து வெள்ளி கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றும் கூறினார். யாம் உடனே கொடுத்துவிடவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டோம்; என்ன நோய் என்று கேட்டோம்; பிள்ளைகள் உடன் வரவில்லையா என்றும் கேட்டோம். அவர் மூன்றுக்கும் தலைகுனிந்தவாறே விடையளித்தார். விடைகள் எமக்கு முழுமையான நம்பிக்கையை அளிக்கவில்லை. இரண்டு வெள்ளியை எடுத்துக் கொடுத்தோம். அவர் அடுத்த மேசைக்குச் சென்று, அதே சொற்களை மீண்டும் தொடங்கினார். பணம் கட்டும்பொழுது கடைக்காரர், ‘அவர் சொல்றதெல்லாம் உண்மைன்னு நினைக்காதீங்க, ஐயா’ என்றார். அவ்வாறு கூறியவரே, அம்மனிதர் வந்து கேட்பதற்கு முன்னரே ஒரு குவளைத் தேநீரையும் ரொட்டியையும் மூலைமேசையில் வைத்திருந்தார். அச்செயலை அன்று யாம் கண்டோமேயன்றி அதன் பொருளை உணர்ந்தோமில்லை.

எம் முதல் வினாவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘எந்தத் தோட்டம்?’ என்பது பேராக் தமிழரிடையே நெடுங்காலமாய் வழங்கிவரும் வினா. இருவர் முதன்முறை சந்திக்கும்பொழுது ஊர், உறவு, கோயில், பள்ளி ஆகிய அனைத்தையும் அவ்வொரு வினாவே வெளிக்கொணர்ந்துவிடும். லயத்து வீட்டு வாசலில் வந்து நிற்கும் புதியவர், விடையளித்து முடிக்குமுன் எவருக்கேனும் மைத்துனராகவோ, தம் தந்தையொடு வேலை செய்தவரின் மகனாகவோ ஆகிவிடுவார். அங்கு அவ்வினா உறவு தேடும் வினா. உணவுக்கடையில் யாம் கேட்டபொழுதோ, அதே சொற்கள் விசாரணை வினாவாக மாறிவிட்டன. தோட்டம் தந்த அறிமுகம் மறைந்து, அறிமுகத்தைத் தேடிய சொல் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அறிய இயலாத ஒருவர்க்கு ஈதல் பற்றிய சிக்கல் நமக்கு இவ்விடத்திலேயே தோன்றுகின்றது எனலாம்.

ஒரு குறள், பல உரைகள்

223ஆம் குறள், வறியேன் என்னும் துன்பச் சொல்லைச் சொல்லாமையையும் ஈதலையும் இணைத்து, அவை நற்குடிப் பிறந்தானிடம் உள்ளவை என்கின்றது. சொல்லாமை என்பது எவருடைய சொல்லாமை? ஈவோனுடையதா, இரப்போனுடையதா? குறளின் தொடரமைப்பு இதனை வெளிப்படக் கூறவில்லை. உரைவேறுபாடுகள் அனைத்தும் இவ்விடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

பரிமேலழகர், வறுமையைப் பிறரிடம் சென்று தான் சொல்லாமையும், தன்னிடம் வந்து சொன்னவர்க்கு மறுக்காமல் ஈதலும் ஆகிய இரண்டும் நற்குடிப் பிறந்தான்கண் உள்ளவை எனத் தம் பொருளைக் கூறுகின்றார். பின்னர், வேறு பொருள் உரைப்பாரும் உளர் எனக் கூறி மூன்று பொருள்களைத் தருகின்றார். இரப்பவன் தன் வறுமையைச் சொல்வதற்கு முன்னரே அவன் குறிப்பறிந்து கொடுத்தல் ஒன்று. அவன் மீண்டும் மற்றொருவரிடம் சென்று அதனைச் சொல்லாதவாறு கொடுத்தல் இரண்டாவது. தன்னிடம் இப்பொழுது பொருளில்லை என்று கரப்போர் கூறும் சாக்கினைக் கூறாமல் கொடுத்தல் மூன்றாவது.

பிற்காலத்தார் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டனர். பள்ளிகளில் மிகுதியும் கையாளப்படும் மு. வரதராசனாரின் தெளிவுரை, சொல்லுமுன் கொடுத்தல் என்னும் பொருளை ஏற்கின்றது. கலைஞர் மு. கருணாநிதியின் உரை, ஈவோன் தன் வறுமையை வெளிக்காட்டாது ஈதல் என்னும் பொருளை மேற்கொள்கின்றது. மாணவர் கையில் ஓர் உரை மட்டுமே சேர்வதால், இக்குறள் ஒரே பொருளுடையது என்னும் எண்ணமே அவர்க்கு ஏற்படுகின்றது. உரைவேறுபாடு என்பது தேர்வுக்கு இடையூறு எனக் கருதப்பட்டு விலக்கப்படுகின்றது. உண்மையில் அவ்வேறுபாட்டிலேதான் இக்குறளின் அறப்பயன் அடங்கியுள்ளது என்பது எம் கருத்து.

மேற்கண்ட பொருள்கள் தம்முள் வேறுபட்டனவாயினும் அவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. அவையனைத்தும் ஒரு சொல்லைச் சுற்றியே இயங்குகின்றன. ‘இல்லை’ என்னும் பொருள்பட வரும் அச்சொல்லை யார் சொல்ல நேர்கின்றது, எத்தனை முறை சொல்ல நேர்கின்றது என்பனவே அங்குக் கருதப்படுகின்றன. கேட்பவன் கூறுவது மெய்யா பொய்யா, அவன் தகுதியுடையவனா அல்லனா என்னும் வினா இவ்வுரைகளுள் ஒன்றிலேனும் இடம்பெறவில்லை. விருந்தோம்பல் அதிகாரத்தில் விருந்தினரின் தகுதியளவே பயனும் அமையும் என்னும் கருத்து வருவதை மறுப்பதற்கில்லை. ஆயின் அது செயலின் பயனை அளக்கும் கூற்று. வாயிலில் நிற்பவரைச் சோதித்த பின்னரே உள்ளே விடுக என்னும் கட்டளையன்று.

குடிப்பிறப்புப் பற்றிய குறிப்பும் இவ்விடத்து விளக்கத்திற்குரியது. பிறப்பால் உயர்ந்தோரே ஈவர் என்று இதனைக் கொள்வாருளர். இப்பண்பு எவரிடம் காணப்படுகின்றதோ அவரே நற்குடியினர் எனத் திருப்பிப் படிப்பதே வள்ளுவத்தின் பிற பகுதிகளோடு இயைவதாகும். கடைக்காரரின் மூலைமேசைத் தேநீருக்கு இதனினும் சிறந்த உரை வேறில்லை. அம்மனிதரின் சொற்களை அவர் நம்பவில்லை. எனினும் அச்சொற்களை அவர் தம்மிடம் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கவில்லை.

இரவும் இரவச்சமும்

ஈகை அறத்துப்பாலில் 23ஆம் அதிகாரமாக நிற்கின்றது. இரவு, இரவச்சம் ஆகிய இரண்டும் பொருட்பாலின் இறுதியில் 106, 107ஆம் அதிகாரங்களாக நிற்கின்றன. எண்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்கள் இடையில் இருப்பதால், இவற்றை ஒருங்கே கற்பிக்கும் வழக்கம் அரிதாயிற்று. இரவு அதிகாரத்தில் இரத்தலுக்கும் ஓர் இடம் தரப்படுகின்றது. இரப்போர் இல்லாதபோது இவ்வுலக இயக்கம் மரப்பாவையின் அசைவை ஒத்ததாகும் என்ற கருத்தும் அங்கே வருகின்றது. இரவச்சத்திலோ, மகிழ்ந்து கொடுப்பவரிடத்தும் இரவாமையே சிறப்பு என்றும், பசுவுக்குத் தண்ணீர் கேட்டாலும் நாவுக்கு இழிவே என்றும் கூறப்படுகின்றது. இரந்தே வாழவேண்டும் என்ற நிலை உளதாயின் உலகைப் படைத்தவனே கெடுக என்னும் சினமும் அவ்வதிகாரத்தில்தான் வெளிப்படுகின்றது.

இவ்விரண்டும் முரண்பட்டன போலத் தோன்றலாம். ஈகையோடு சேர்த்துப் படிக்கும்பொழுது முரண் நீங்குகின்றது. இரத்தல் என்பது கேட்பவனிடமிருந்து பெரும் விலையைக் கொள்ளும் செயல் என்பதே வள்ளுவரின் உறுதிப்பாடு. ஆகவே ஈவோனின் கடமை அவ்விலையைக் குறைத்தலேயாகும். எமது மூன்று வினாக்கள் செய்தது யாதெனில், இரண்டு வெள்ளிக்காக அவ்விலையை மும்மடங்காக உயர்த்தியதே.

அதிகார வரிசையையும் நோக்குதல் தகும். உழவு, நல்குரவு, இரவு, இரவச்சம், கயமை என அவை தொடர்ந்து வருகின்றன. உழவு அதிகாரம், ஒன்றுமில்லை எனச் சோம்பியிருப்பாரைக் கண்டு நிலமகள் நகுவாள் என்ற கருத்தோடு முடிகின்றது. இரப்போரை இகழ்வோர் பலரும் இதனையே துணைக்கு அழைப்பர். நிலம் தமக்கு உரியதாக இருந்தோர்க்குச் சொல்லப்பட்ட அறிவுரை, தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் நிலத்தில் உழைத்து, வேலை முடிந்ததும் குடியிருந்த வீட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தோர்க்கு அப்படியே பொருந்துமா என்பதை இம்மண்ணின் ஆசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வெள்ளைக் கொடி

சொல்லுமுன் கொடுத்தல் என்னும் பொருளுக்கு நம் காலத்தில் கிடைத்த பெருஞ்சான்று 2021ஆம் ஆண்டின் வெள்ளைக் கொடி இயக்கமாகும். கொவிட் பெருந்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு நீடித்து, நாட்கூலி பெற்றோர் பலர் வருவாயிழந்திருந்த காலம் அது. ஜூன் மாத இறுதியில் சமூக ஊடகங்கள் வழி ஒரு வேண்டுகோள் பரவியது. உணவுக்கு வழியற்றோர் தம் வீட்டின் முன் வெள்ளைத் துணியொன்றைக் கட்டுக; கண்டோர் உதவுக; எவரிடமும் சென்று இரக்க வேண்டா, நாணவும் வேண்டா என்பதே அதன் சாரம். நாடு முழுவதும் அறிமுகமில்லாதோர் அரிசியும் பிற பொருள்களும் கொண்டுசென்று கொடுத்தனர். அரசியல்வாதிகள் சிலர் அதனைத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் செயல் எனக் கண்டித்தனர்.

இவ்வியக்கத்தின் சிறப்பு அதன் பேரளவில் இல்லை. இரத்தலிலிருந்து நாவினை அது விடுவித்தது. இழிவு நாவுக்கே என்று வள்ளுவர் கருதியிருக்க, நாவின் வேலையைத் துணி ஏற்றுக்கொண்டது. இவ்வகையில் அக்கொடியை 223ஆம் குறளுக்குப் பொதுமக்கள் எழுதிய புத்துரை எனக் கூறினும் மிகையாகாது. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சாலையில் செல்வோர் கண்ணிற்படும் வீடுகளுக்கே கொடி பயன்பட்டது. செம்பனைக் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் லயத்து வீட்டில் கொடியேற்றினால், காண்பவரும் அதே வறுமையுடைய அண்டை வீட்டாராகவே இருப்பர். குறிப்பறிந்து கொடுத்தலுக்கு முதலில் குறிப்புத் தெரியும் தொலைவில் நாம் இருந்தாக வேண்டும்.

மற்றொருவரிடம் சொல்லாதவாறு

அடுத்து, மற்றொருவரிடம் சென்று சொல்லாதவாறு கொடுத்தல் என்னும் பொருள். மேலோட்டமாகப் பார்ப்பின் இது நிறையக் கொடுக்க வேண்டும் என்பதாகவே தோன்றும். தனிமனிதர் எவரும் எல்லார்க்கும் அவ்வாறு கொடுத்தல் இயலாது. இவ்வுரை உண்மையில் தனிமனித ஈகையைக் கடந்து கூட்டு முயற்சியைக் கோருகின்றது என்பது எம் துணிபு.

இதற்கும் நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1950களிலும் அதன் பின்னரும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபொழுது, தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பணம் கேட்டார். நூறு வெள்ளிப் பங்கு பத்து வெள்ளித் தவணைகளாகச் செலுத்தப்பட்டது. நாட்கூலி பெற்றோர்க்கு அது சிறு தொகையன்று. ஒரு தோட்டத்தார் அளித்த பணம், தாம் ஒருநாளும் காணாத மற்றொரு தோட்டத்தார் தெருவில் நின்று இரவாமல் காத்தது. பங்கு என்பதால் இதனை ஈகையென்று கூறலாமா என்னும் ஐயம் எழலாம். ஈவோன், ஏற்போன் என்னும் பிரிவே மறைந்து போதலன்றோ இவ்வுரையின் முடிந்த முடிபு? ஈகைக்கு முன்னர் 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வள்ளுவர் அமைத்ததன் காரணமும் இதுவே எனக் கருத இடமுண்டு. ஊர்நடுவே நீர் நிறைந்த குளத்திடம் எவரும் இரப்பதில்லை.

ஐயங்களும் விடைகளும்

இனி, இக்கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகளைக் காண்போம். ஏமாற்றுவோர் இல்லையா என்பது முதல் மறுப்பு. உளர். குழந்தைகளை முன்னிறுத்தி வருவாய் தேடுவோரும், போதைப்பொருளுக்காகக் கேட்போரும் உள்ளனர் என்பதை நாடறியும். அத்தகைய இடங்களில் பணத்திற்கு மாறாக உணவளித்தலும், குழந்தையின் பொருட்டுச் சமூகநலத் துறையினரிடம் தெரிவித்தலும் பொருத்தமாகும். 223ஆம் குறள் கொடுக்கப்படும் பொருளின் வகையையோ அளவையோ வரையறுக்கவில்லை, அவமதியாமையையே வரையறுக்கின்றது. பணம் தர இயலாதெனின் அதனைக் கனிவோடு ஒருமுறை கூறி அமைதல் போதும். பணமும் தராமல் அறிவுரையும் தருதலே கொடிது.

மேலும், கேட்போரை இருவகையாகப் பிரித்துக் காண்பது தெளிவு தரும். தனக்காகக் கேட்பவர் ஒருவகை. நன்கொடைப் புத்தகத்தோடு வந்து ஓர் இல்லத்திற்காகவோ அமைப்பிற்காகவோ கேட்பவர் மற்றொரு வகை. வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்குக் காவல்துறையின் உரிமம் வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுக்கப்பட்டது. எனவே பின்னவரிடம் உரிமத்தையும் கணக்கையும் கேட்பது நம் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும், நிறுவனத்திற்கு நாணமில்லை. நடைமுறையிலோ நாம் இதனைத் தலைகீழாகச் செய்கின்றோம். பளபளப்பான அட்டையிட்ட புத்தகத்தில் வினாவின்றிக் கையொப்பமிடுகின்றோம். அழுக்குச் சட்டையணிந்தவரிடம் வினாக்களை அடுக்குகின்றோம்.

சமூக ஊடகங்களில் நோயுற்றோரின் படமும் வங்கிக் கணக்கு எண்ணும் வெளியிட்டு உதவி கேட்கும் வழக்கம் மற்றொரு சிக்கலை உருவாக்கியுள்ளது. சொல்லை நம்பாத நாம் படத்தைக் கேட்கின்றோம். அதனால் துன்புறுவோர் தம் துன்பத்தைக் காட்சியாக்க வேண்டியவராகின்றனர். புறநானூற்றின் 208ஆம் பாடலில், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கின்றார். காணாது ஈந்த பொருளைக் கொள்ள, தாம் வணிக நோக்குடைய பரிசிலர் அல்லர் என்பது அவர் நிலைப்பாடு. கைப்பேசியில் பணம் அனுப்பிவிட்டு நகரும் நமக்கு அவர் மறுப்பு உரியது. ஆனால் காணுதல் வேறு, காட்சிப்படுத்தல் வேறு என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். முன்னது கேட்பவரை மனிதராக்குகின்றது; பின்னது அவரைச் சான்றாவணமாக்குகின்றது.

அரசு இருக்க நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவது மறுப்பு. 1977ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், பொது இடங்களில் இரப்போரை நீதிபதியின் ஆணைப்படி நலன்புரி இல்லங்களில் தங்கவைக்க வழிசெய்கின்றது. 2014 ஜூலையில் கோலாலம்பூர் நகர மையத்தில் வீடற்றோர்க்கு உணவளிக்கும் குழுக்களை விலக்கவும், இரப்போர்க்குப் பணம் தருவோருக்குத் தண்டம் விதிக்கவும் கூட்டரசுப் பிரதேச அமைச்சு முற்பட்டது; அதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. இல்லங்கள் தேவையே. ஆயின் அவை இரப்போரைக் கண்ணினின்று மறைக்கும் பொருட்டா, பசியினின்று காக்கும் பொருட்டா என்பதே வினா. மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபியை ஏந்தியவள் சோழ மன்னனிடம் வேண்டிப் பெற்றது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் வரத்தையே. அறக்கோட்டம் சிறைக்கோட்டமாக மாறிவிடாமல் காப்பதற்கும் அறம் பயின்ற குடிமக்கள் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், முன்பின் அறியாதார்க்கு ஈதலில் தமிழ் அறமரபு முதன்மையாகச் சோதிப்பது கேட்பவரையன்று, கேட்கப்பட்டவரையே என்பது பெறப்படும். பொய்யாக இரப்பவரிடம் நாம் இழப்பது ஐந்து வெள்ளி. மெய்யாக இரப்பவரை நாம் பொய்யராக நடத்தினால் அவர் இழப்பதை ஈடுசெய்ய நம்மிடம் வழியில்லை. இவ்விரு இழப்பும் நிகரல்ல என்பதே 223ஆம் குறளின் உரைகள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈகை, இரவு, இரவச்சம் ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே பாடத்தொகுதியாகக் கற்பித்தல் நன்று. 223ஆம் குறளின் உரைகள் யாவற்றையும் மாணவர்முன் வைத்து, எது பொருத்தமுடையது என அவர்களே விவாதிக்கச் செய்தல் வேண்டும். மாணவர் சிலருடைய வீடுகளிலும் 2021இல் அவ்வெள்ளைத் துணி கட்டப்பட்டிருக்கலாம் என்பதை மறவாமல் அதனைச் செய்தல் வேண்டும். இரப்போர் எங்கோ இருப்போர் என்ற தொனியில் இப்பாடத்தை நடத்துதல் கூடாது.

எம்மைப் பொறுத்தவரை, அக்காலைப் பொழுதில் கேட்ட மூன்று வினாக்களையும் திரும்பப் பெறுதல் இனி இயலாது. அம்மனிதர் உண்மையில் மருத்துவமனைக்குச் சென்றாரா என்பதை யாம் அறியோம். அதனை அறிய வேண்டும் என்ற விருப்பமும் இப்பொழுது எமக்கு இல்லை. அவர் எம்மிடம் சொன்னதை அடுத்த மேசையிலும் சொல்ல நேர்ந்தது என்பது மட்டும் உறுதி. எம்மிடம் அப்போது மேலும் மூன்று வெள்ளி இருந்தது.